"ஷேரிங்" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வீடுகள்?

"ஷேரிங்கில் வீடு பார்க்கிறேன்" என்று யாராவது சொன்னால், என்ன மாதிரி ஷேரிங் என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரு முழிப்புத்தான் பதிலாக வரும். நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுப்பதும் ஷேரிங்தான். ஏற்கெனவே குடியிருப்பவரிடம் போய் ஓர் அறையை வாங்கிக்கொள்வதும் ஷேரிங்தான். தனியாக இருக்கும் பெரியவர் வீட்டில் ஒரு மாணவி போய்த் தங்குவதும் அதே சொல்தான். எல்லாம் சுமுகமாகப் போகிறவரை வித்தியாசம் தெரியாது. வாடகை பாக்கி விழும்போது, ஒருவர் திடீரென்று காலி செய்யும்போது, வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுக்கும்போது, மூன்று வீட்டிலும் நடப்பது வேறு வேறு.

அதிலும் இளையவரும் முதியவரும் சேர்ந்து வாழும் ஏற்பாட்டைப் பற்றிக் காதில் விழும் பேச்சு இரண்டு வகை. "பாட்டிக்குத் துணையாக இருந்தால் போதுமாம், ரூம் ஃப்ரீயாம்" என்பது ஒன்று. "சம்பளமில்லாத வேலைக்காரியாக ஆக்கிவிடுவார்கள்" என்பது இன்னொன்று. இரண்டுமே நடக்கக்கூடியவைதான், ஏற்பாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் உள்ளே போனால்.

எனவே அடியிலிருந்து வருவோம். எதைப் பகிர்கிறோம், யார் பெயரில் வீடு, எதற்கு எது மாற்று என்ற மூன்று கேள்விகள். இவற்றுக்குப் பதில் தெரிந்தால் உங்கள் முன்னால் இருப்பது எந்த ஷேரிங் என்பது தெரிந்துவிடும்.

## ரயில் பெட்டியும் வீடும்

ரயிலில் உங்கள் படுக்கை உங்களுக்கு. கழிப்பறையும் நடைவழியும் எல்லாருக்கும். இதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. சண்டை வருவது வேறு விஷயங்களில்: விளக்கை எப்போது அணைப்பது, கீழ்ப் படுக்கையில் மற்றவர்கள் எத்தனை மணி வரை உட்காரலாம், யாருடைய பெட்டி எங்கே இருக்க வேண்டும். டிக்கெட்டில் எழுதாத சமாச்சாரங்கள்.

பகிர்ந்து வாழும் வீட்டிலும் இதே மூன்று அடுக்குதான். கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய உங்கள் அறை, தனியிடம். சமையலறை, குளியலறை, கூடம் எல்லாம் பொதுவிடம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவை ஒரு பட்டியலே உண்டு: ஃப்ரிட்ஜின் தட்டு, வாஷிங் மெஷின் ஓடும் நேரம், போன் பேசும் சத்தம், வாரக்கடைசியில் வந்து தங்கும் நண்பர்.

நான் முன்பு இருந்த ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் தட்டுகளில் வெள்ளை டேப் ஒட்டி, ஆளுக்கொரு தட்டு என்று பெயர் எழுதியிருந்தோம். பார்ப்பதற்குச் சிறுபிள்ளைத்தனம். ஆனால் அந்தத் தட்டுகளால் ஒரு நாளும் பிரச்சினை வந்ததில்லை. மேலே ஃப்ரீசருக்கு மட்டும் யாரும் டேப் ஒட்டவில்லை. ஏழு மாதம் நாங்கள் போட்ட சண்டையில் முக்கால்வாசி அந்த ஃப்ரீசருக்காகத்தான்.

இடம் போதுமா என்று பார்ப்பவர்கள் பலர் நேரம் போதுமா என்று பார்ப்பதில்லை. நான்கு பேருக்கு ஒரு குளியலறை தாராளமாகப் போதும், நான்கு பேரும் காலை ஏழரைக்குக் கிளம்புகிறவர்களாக இல்லாதவரை. இரவு வேலைக்குப் போகிற ஒருவரும் பகலில் வேலைக்குப் போகிற ஒருவரும் ஒரு சின்ன வீட்டில் வசதியாக இருப்பார்கள். ஆனால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் பாத்திரம் கழுவுவார். வீடு பார்க்கப் போகும்போது அறையின் அளவை விட, அங்கே இருப்பவர்களின் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்பதைக் கேட்டு வாங்குவது முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

## பத்திரத்தில் யார் பெயர்?

இதுதான் கட்டுரையின் கனமான பகுதி. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு நண்பர்கள் ஆளுக்கொரு சைக்கிளில் பக்கம் பக்கமாகப் போகலாம். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் பரிதாபப்படலாம், தூக்கிவிடலாம், ஆனால் அவர்களுக்கு அடிபடாது. இது தனித்தனி ஒப்பந்தம்: வீட்டுக்காரர் ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொருவரோடு தனியாக எழுதிக்கொள்கிறார். பக்கத்து அறைக்காரர் வாடகை தராவிட்டால் அது அவருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில்.

இரண்டாவது, டபுள்ஸ் போவது. வீடு ஒருவர் பெயரில் இருக்கிறது. அவரிடமிருந்து நீங்கள் ஓர் அறையை எடுத்துக்கொள்கிறீர்கள். இதற்கு உள்வாடகை என்று பெயர்: வாடகைக்கு இருப்பவரே இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மிதிக்கும் வேலை இல்லை, கைப்பிடியும் இல்லை. முன்னால் இருப்பவர் வீட்டுக்காரருக்கு வாடகை கட்டாமல் விட்டாலோ, அவரே காலி செய்தாலோ, நீங்கள் ஒழுங்காகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தாலும் வெளியே நிற்க நேரிடும். உள்வாடகைக்கு விட வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும் என்று பல இடங்களில் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அந்த அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மூன்றாவதுக்குச் சைக்கிள் போதாது. மலையேறுகிறவர்கள் நான்கு பேரும் ஒரே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுவார்களே, அது. நான்கு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். அப்படிப் போட்டால் பெரும்பாலும் வருவது கூட்டுப் பொறுப்பு: மொத்த வாடகைக்கும் நான்கு பேரும் சேர்ந்தும், ஒவ்வொருவரும் தனியாகவும் பொறுப்பு. இந்தச் சொற்றொடரைத்தான் மக்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். "என் பங்கு கால்வாசிதானே" என்று நினைப்பது உங்கள் நால்வருக்குள் இருக்கும் பேச்சு. வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு பேச்சே கிடையாது. மூன்று பேர் ஓடிப்போனால் முழுவதையும் நான்காமவரிடம் கேட்கலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரே ஒப்பந்தத்தில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனார். போகும்போது அறையைக் கூட்டிப் பெருக்கிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நல்ல பிள்ளை என்று பேசிக்கொண்டோம். அடுத்த இரண்டு மாதம் அவர் பங்கும் எங்கள் தலையில். கடைசியில் கணக்குத் தீர்க்கும்போது, அவர் அறைச் சுவரில் இருந்த சேதத்துக்கும் எங்கள் அட்வான்ஸிலிருந்துதான் பிடித்தார்கள். அநியாயம் என்று அப்போது கொதித்தேன். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன், அதில் அப்படித்தான் எழுதியிருந்தது.

நான்காவதாக ஒன்று உண்டு. வீட்டுக்காரரே அந்த வீட்டில் வாழ்கிறார், ஓர் அறையை உங்களுக்குத் தருகிறார். இதில் பல நாடுகளின் சட்டம் உங்களை முழு வாடகைதாரராகப் பார்ப்பதில்லை; விருந்தாளிக்கும் வாடகைதாரருக்கும் நடுவில் எங்கேயோ வைக்கிறது. காரணம், தனியுடைமை என்ற கருத்து. அந்த இடத்துக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று, வீட்டுக்காரர் உட்பட, தீர்மானிக்கும் உரிமைதான் தனியுடைமை. அது இருந்தால் வாடகைதாரர். இல்லாவிட்டால் தங்க அனுமதி பெற்றவர். அவரைக் கிளம்பச் சொல்வது எளிது.

பிரிட்டனில் 1985இல் தீர்ப்பான ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்ட் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். வீட்டுக்காரர் தந்த காகிதத்தில் "இது வாடகை ஒப்பந்தம் அல்ல, வெறும் அனுமதி" என்று எழுதி, குடியிருப்பவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். நீதிமன்றம் காகிதத்தில் இருந்த பெயரைப் பொருட்படுத்தவில்லை. குடியிருப்பவருக்குத் தனியுடைமை இருந்தது, வாடகை கொடுத்தார், எனவே வாடகைதாரர் என்றது. தோண்டுவதற்கு ஐந்து பல் வைத்து ஒரு கருவி செய்தவர், நான் செய்தது மண்வெட்டி என்று எவ்வளவு அடித்துச் சொன்னாலும் அது பெரிய முள்கரண்டி மாதிரியான கவைதான் என்று நீதிபதி டெம்பிள்மன் அதில் ஒரு உவமை சொன்னார். வழக்கு அந்த நாட்டுக்குரியது. ஆனால் காகிதத்தின் தலைப்பை விட நடைமுறையைப் பார்க்க வேண்டும் என்பது எந்த ஊரிலும் உதவும் பார்வை.

சுருக்கமாக: ஆளுக்கொரு சைக்கிள், டபுள்ஸ், ஒரே கயிறு, வீட்டுக்காரரோடு ஒரே கூரை. இந்த நான்கில் எது என்று தெரிந்த பிறகுதான் வாடகையைப் பற்றிப் பேச வேண்டும்.

## சமமாகப் பிரிப்பது நியாயமா?

வாடகையை ஆள்கணக்கில் சமமாகப் பிரிப்பதுதான் நியாயம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜன்னல் உள்ள பெரிய அறையும், தெருச் சத்தம் கேட்கும் சின்ன அறையும் ஒரே விலை என்றால், சின்ன அறைக்காரர் மூன்றாம் மாதத்தில் முணுமுணுக்கத் தொடங்குவார்.

இரண்டு பேர் என்றால் ஒரு பழைய வித்தை இருக்கிறது. ஒரு பண்டத்தை இரண்டு குழந்தைகளுக்குப் பங்கு போட, "நீ வெட்டு, அவன் எடுக்கட்டும்" என்போம் இல்லையா? அதே. ஒருவர் இரண்டு அறைக்கும் விலை பிரிக்கட்டும், மற்றவர் அறையைத் தேர்ந்தெடுக்கட்டும். பிரிப்பவர் எந்த அறை வந்தாலும் சரி என்கிற விலையைத்தான் சொல்வார். ஆட்கள் கூடினாலும், சாதாரணமான சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, யாரும் யார் அறையைப் பார்த்தும் பொறாமைப்படாத ஒரு வாடகைப் பிரிவு இருக்கும் என்று பிரான்சிஸ் சூ என்ற கணிதவியலாளர் 1999இல் வெளியிட்ட கட்டுரையில் நிரூபித்தார். கணிதத்துக்குள் போக வேண்டாம். அறைகள் சமமில்லை என்றால் விலையும் சமமாக இருக்கத் தேவையில்லை என்று முதல் நாளே பேசினால் போதும்.

## வாடகையும் அல்ல, வேலையும் அல்ல

இப்போது தலைமுறை தாண்டிய ஏற்பாட்டுக்கு வருவோம். இதை ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஹோம்ஷேர் என்கிறார்கள்; நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஹோம்ஷேர் என்றால்: வீட்டில் காலி அறை உள்ள ஒருவர், பெரும்பாலும் முதியவர், அந்த அறையைத் தருகிறார், வந்து தங்குபவர், பெரும்பாலும் இளையவர், வாடகைக்குப் பதிலாகவோ குறைந்த தொகையோடு சேர்த்தோ, முன்கூட்டியே பேசிய அளவு நேரம் சிறு உதவிகள் செய்கிறார், இரவில் வீட்டில் இருக்கிறார்.

பண்டமாற்று என்பதுதான் இதற்குச் சரியான சொல். நெல்லைக் கொடுத்து உப்பு வாங்குவதில், நெல் உள்ளவரிடம் உப்பு இல்லை, உப்பு உள்ளவரிடம் நெல் இல்லை. இங்கே ஒருவரிடம் அறை உபரி, ஆள் அரவம் இல்லை. இன்னொருவரிடம் தெம்பும் நேரமும் இருக்கின்றன, கூரை இல்லை. பணம் கைமாறுவது குறைவு என்பதால் இதை இலவசம் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு, மாற்றிக்கொள்ளும் பண்டம் வேலை என்று நினைப்பது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, எண்பதை நெருங்குகிறவர், ஒரு மாணவிக்கு அறை கொடுத்தார். முதல் மாதம் முடிந்ததும் என்ன மாற்றம் என்று கேட்டேன். பல்பு மாற்றியதை, சாமான் தூக்கி வந்ததை எல்லாம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ராத்திரி பத்து மணிக்குப் பூட்டுல சாவி திரும்புற சத்தம் கேக்குது. அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வருது" என்றார். வீட்டில் இன்னோர் ஆள் மூச்சு விடுகிறது என்பதுதான் அவர் வாங்கிய பண்டம். அந்தப் பெண் தன் அறையில் தூங்கிக்கொண்டே அதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் மேகி குன் என்பவரை 65 வயதாகிவிட்டது என்று வேலையிலிருந்து ஓய்வு பெறச் சொன்னார்கள். அவர் 1970இல் முதியோர் உரிமைக்காக கிரே பாந்தர்ஸ் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். பிலடெல்பியாவில் இருந்த தன் சொந்த வீட்டில் இளைஞர்களோடு சேர்ந்து வாழ்ந்தார். 1980களின் தொடக்கத்தில் வீட்டுப் பகிர்வுக்கென்றே ஒரு தேசிய மையம் உருவாகவும் காரணமாக இருந்தார். 1990களில் ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் என்று இது பரவியது. பிரான்சில் இதற்கு வேகம் கொடுத்தது ஒரு துயரம். 2003 ஆகஸ்டு மாத வெப்ப அலையில் அங்கே ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள், தனியாக இருந்தவர்கள் பலர். அடுத்த சில ஆண்டுகளில் மாணவர்களையும் முதியவர்களையும் சேர்த்து வைக்கும் சங்கங்கள் அங்கே முளைத்தன. 2018இல் வந்த வீட்டுச் சட்டம் இதற்கென்று தனி ஒப்பந்தத்தையே வகுத்தது: வீடு தருபவருக்கு 60 வயதாகியிருக்க வேண்டும், வருபவர் 30 வயதுக்குக் கீழே, இடையில் சிறு தொகை, விலகுவதென்றால் ஒரு மாத முன்னறிவிப்பு.

## மணிக்கணக்கு ஏன் வேண்டும்?

"சொந்தப் பாட்டி மாதிரி பார்த்துக்கொள்கிறேன், இதில் என்ன மணிக்கணக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பேச நன்றாக இருக்கும். பாட்டி வீட்டில் கணக்கு தேவையில்லாததற்குக் காரணம், இருபது வருஷத்துப் பழக்கம். இங்கே இரண்டு பேர் போன மாதம் வரை அந்நியர்கள்.

ஜெர்மனியில் பல நகரங்களில் நடக்கும் திட்டத்தின் பெயரே "உதவிக்கு ஈடாக வீடு" என்று பொருள்படும். அங்கே ஒரு எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: அறையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மாதத்துக்கு ஒரு மணி நேர உதவி. 15 சதுர மீட்டர் அறை என்றால் மாதம் 15 மணி நேரம். மின்சாரம், தண்ணீர், சூடேற்றும் செலவு வழக்கமாகத் தங்குபவரின் பணம். பிரிட்டனில் வாரத்துக்குச் சுமார் 10 மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ரொம்ப தூரம். ஒன்று மாதத்துக்கு, மற்றது வாரத்துக்கு. வாரம் பத்து என்பது மாதத்தில் நாற்பதைத் தாண்டிவிடும். எனவே "கொஞ்சம் ஹெல்ப் பண்ணணும்" என்று மட்டும் சொல்கிற அறிவிப்பைப் பார்த்தால், அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று கேட்காமல் நகராதீர்கள்.

உதவி என்றால் எது என்பதிலும் ஒரு கோடு இருக்கிறது. தோட்டம், கடைக்குப் போய்வருவது, கணினியில் ஒரு படிவம் நிரப்பித் தருவது, கூட நடந்துவருவது, சேர்ந்து சாப்பிடுவது, எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். குளிப்பாட்டுவது, தூக்கிவிடுவது, மருந்து அளந்து கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அந்தப் பக்கம். இரண்டாவது வகைக்குப் பராமரிப்பு என்று பெயர். அதற்குப் பயிற்சி வேண்டும், சம்பளம் வேண்டும். ஜெர்மன் திட்டங்கள் பராமரிப்பை வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கின்றன. ஹோம்ஷேரை நடத்தும் நல்ல அமைப்புகள் எல்லாமே இதில் கறார்.

கோடு ஒரே நாளில் தாண்டப்படுவதில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொல்வார்கள், நியாயம்தான். அப்புறம் டாக்டர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்புறம் மாத்திரை டப்பாவை நீங்கள் நிரப்புவீர்கள். ஒருநாள் இரவு இரண்டு மணிக்குக் கூப்பிடும்போது எழுந்து போவீர்கள், போகாமல் இருக்க முடியாது. அது தினமும் ஆகும்போது உங்களை யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். பெரியவரின் உடல் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஏற்பாடு அன்றோடு ஹோம்ஷேர் இல்லை. அதைச் சொல்ல ஒரு மூன்றாம் ஆள் வேண்டியிருக்கிறது.

## நடுவில் நிற்கும் ஆள்

அந்த மூன்றாம் ஆள்தான் இதன் எஞ்சின். மக்கள் இதைப் புரோக்கர் என்று நினைத்து, "நேராகப் பேசிக்கொண்டால் கட்டணம் மிச்சம்" என்கிறார்கள். வீட்டுப் புரோக்கரின் வேலை சாவி கைமாறியதும் முடிந்துவிடும். ஹோம்ஷேர் அமைப்பின் வேலை அப்போதுதான் பாதி ஆகியிருக்கும்.

சாவிக்கு முன்னால் அவர்கள் செய்வது, பொருத்தம் பார்ப்பது. இரு தரப்பையும் தனித்தனியாகச் சந்திப்பார்கள். வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள், அறைக்குப் பூட்டு இருக்கிறதா என்பது உட்பட. வருபவரைப் பற்றி முன்பு தெரிந்தவர்களிடம் விசாரிப்பார்கள், பல நாடுகளில் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். பிறகு இருவரையும் சந்திக்க வைத்து, சில வாரங்கள் ஒத்திகைக்கு விடுவார்கள். சாவிக்குப் பின்னால் செய்வது, இருவரையும் அவ்வப்போது தனித்தனியாக அழைத்து எப்படிப் போகிறது என்று கேட்பது. அந்தத் "தனித்தனியாக" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கூரை ஒருவருக்குச் சொந்தம். இளையவர் முகத்துக்கு நேரே புகார் சொன்னால் படுக்க இடம் போய்விடுமோ என்று பயப்படுவார். முதியவரோ வீட்டுக்குள் இருக்கும் தெம்பான ஓர் ஆளைப் பகைத்துக்கொள்ளப் பயப்படுவார். இரண்டு பயமும் நியாயமானவை. மூன்றாமவரிடம் மட்டுமே அவை வாய் திறக்கும்.

எல்லாரும் ஒரே வீட்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹியூமானிடாஸ் என்ற முதியோர் இல்லம் சில மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை கொடுத்தது. மாதம் 30 மணி நேரம் "நல்ல பக்கத்து வீட்டுக்காரராக" இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுவீடனின் ஹெல்சிங்போரியில் 2019 இறுதியில் திறந்த சேல்போ என்ற குடியிருப்பில் 51 வீடுகள். பாதிக்கு மேல் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு, மீதி 18 முதல் 25 வயதினருக்கு. அவரவருக்குத் தனி வீடு, பொதுக் கூடங்கள் தனி. வாரம் குறைந்தது இரண்டு மணி நேரம் அக்கம்பக்கத்தாரோடு பழக வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுத்தான் குடிவர முடியும். கட்டாயப்படுத்திப் பழக வைக்க முடியுமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், கூச்சப்படுகிறவருக்குக் கதவைத் தட்ட ஒரு சாக்கு கிடைக்கிறது.

இதுவரை சொன்னதில் பிடித்துக்கொள்ள வேண்டியது: ஹோம்ஷேரில் மாற்றிக்கொள்வது அறையும் அருகிருப்பும். உதவிக்கு மணிக்கணக்கு உண்டு. பராமரிப்பு அதில் சேராது. நடுவில் ஓர் ஆள் இருப்பது பாதுகாப்பு, இரு தரப்புக்கும்.

## தேடப் போகும்போது

அறை தேடும் இணையதளங்கள், கல்லூரிகளின் விடுதி அலுவலகங்கள், முதியோருக்காக இயங்கும் தொண்டு அமைப்புகள், வழிபாட்டிடங்களின் அறிவிப்புப் பலகை, வேலையிடத்தில் வாய்வழிச் செய்தி, எல்லாவற்றிலும் தேடலாம். எங்கே கிடைத்தாலும் ஒரு விதி: வீட்டுக்குள் கால் வைக்காமல் பணம் கொடுக்காதீர்கள். "வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால், அந்தச் சாவி எந்தப் பூட்டுக்கும் சேராது.

பார்க்கப் போகும்போது பகலில் ஒரு முறை, முடிந்தால் இரவில் ஒரு முறை போங்கள். காலி செய்து போகிறவர் இருந்தால் அவரிடம் ஏன் போகிறீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் இருக்கப் போகிறவர்களை விட அவர் உண்மை பேசுவார்.

பெரியவர் வீடு என்றால் இன்னொன்று. அறிவிப்பு கொடுப்பது பல சமயம் மகனோ மகளோ. "அம்மாவுக்குத் துணை வேண்டும்" என்பார்கள். அம்மாவிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். அவருக்கு உண்மையிலேயே ஆள் வேண்டுமா, அல்லது பிள்ளைகளின் நிம்மதிக்காகத் தலையாட்டினாரா என்று தெரிந்துவிடும். இரண்டாவது என்றால், நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த வீட்டில் நீங்கள் காவல்காரர்தான்.

எழுதிக்கொள்ள வேண்டியவை பெரிய பத்திரமாக இருக்கத் தேவையில்லை, இரண்டு பக்கம் போதும். வாரத்துக்கு எத்தனை மணி, என்னென்ன வேலை, மாதத்தில் எத்தனை இரவு வெளியே தங்கலாம், விருந்தாளி வரலாமா, எந்தச் செலவு யாருடையது, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு. யாரும் எழுத விரும்பாத ஒரு வரி இருக்கிறது, அதையும் எழுதுங்கள்: பெரியவர் மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ போனால், அல்லது இறந்துபோனால், தங்குபவருக்கு வேறு இடம் பார்க்க எத்தனை நாள் அவகாசம். இது இல்லாமல், துக்கம் நடக்கும் வீட்டிலிருந்து மூன்றாம் நாள் பெட்டியோடு கிளம்பியவர்கள் உண்டு. வரியும் அரசு உதவித்தொகையும் ஊருக்கு ஊர் வேறுபடும். பெரியவர் ஏதாவது உதவித்தொகை வாங்குகிறார் என்றால், வீட்டில் ஆள் சேர்வதால் அது குறையுமா என்று அந்த அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

ஒத்திகைக் காலத்தை விருந்து மாதிரி நடத்தாதீர்கள். முதல் வாரத்தில் இருவருமே ரொம்ப நல்லவர்களாக இருப்பார்கள். டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள், பாத்திரத்தை உடனே கழுவுவார்கள். நீங்கள் வழக்கமாக எத்தனை மணிக்கு வருவீர்களோ அத்தனை மணிக்கு வாருங்கள். அவர் வழக்கமான சத்தத்தில் பார்க்கட்டும்.

சாவிச் சத்தம் கேட்டுத் தூங்கிய அந்த அம்மாவின் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். மணிக்கணக்கை அதில் குறித்துவைக்க வேண்டும் என்பது அமைப்பின் ஏற்பாடு. அந்தப் பெண் பென்சிலில் குறிப்பாள், அம்மா பேனாவில். மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பார்கள். ஒரு மாதம் கூட இரண்டு கணக்கும் ஒத்துப்போனதில்லை. அம்மாவின் கணக்கில் எப்போதும் நாலைந்து மணி நேரம் கூடுதலாக இருக்கும். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததை அவர் உதவி என்று எழுதியிருப்பார், அந்தப் பெண் அதை எழுதியிருக்க மாட்டாள்.